பேரிளம்பெண்ணுக்குப் பின்

உலா இலக்கியம் பயின்றோர் பெண்ணின் பருவம் ஏழென்பதை நன்கறிவர். பேதை முதலாகப் பேரிளம்பெண் ஈறாக அவற்றை வகுத்த பாட்டியலார், இறுதிப் பருவத்தின் எல்லையைப் பெரும்பாலும் நாற்பதாகக் கொண்டனர். அதற்கு மேல் பெண்ணுக்குப் பெயருமில்லை, பாட்டுமில்லை. ஆண்பாற் புலவர் இட்ட கணக்கு வேறெவ்வாறு இருக்கும்! இலக்கியத்தில் இது பொறுக்கத்தக்கதே. ஆயின் அப்பெயரின்மை நம் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் இன்றும் தொடர்கின்றது.

மாதவிடாய் நிற்பது பெரும்பாலார்க்கு 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையிலாம். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே ஈஸ்திரோஜன் சுரப்பு ஏறியும் இறங்கியும் குறையத் தொடங்கும். திடீரென முகமும் கழுத்தும் அனல்பட்டாற்போல் வெதும்பி வியர்த்தல், உறக்கமின்மை, மூட்டுவலி, நாநுனியில் நின்ற சொல் மறத்தல் முதலியன சிலரைச் சிறிதும் சிலரைப் பெரிதும் வருத்தும். ஓர் ஆசிரியையின் புலமை முதிர்ந்து பயன்தரும் ஆண்டுகளும் இவையே.

பல்லாண்டுகளுக்கு முன் எம்முடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவர், இலக்கணம் கற்பிப்பதில் எம்மினும் வல்லவர், பாடவேளை நடுவே வெளியேறி விறாந்தையில் நின்று சேலைத் தலைப்பால் விசிறிக்கொள்வார். “அக்காவுக்கு இப்போது கோபம் கூடிவிட்டது” என்று ஆசிரியர் அறையில் நகைத்தனர், யாமும் நகைத்தோம். உரிய காலத்துக்கு முன்பே அவர் ஓய்வு பெற்றார். காரணத்தை எவரும் கேட்டிலர். எம் இல்லாள் அதே துன்பத்தில் இரவுகளைக் கழித்தபோதுதான் அந்த விறாந்தை எமக்கு விளங்கிற்று.

மகப்பேற்றுக்கு இந்நாட்டு அரசாங்க ஆசிரியைக்குச் சம்பளத்துடன் 84 நாள் விடுப்புண்டு. அச்சொல்லை விண்ணப்பத்தில் எழுத எவரும் நாணுவதில்லை. இதற்கோ காய்ச்சலென்றும் தலையிடியென்றும் பொய் புனைய வேண்டியிருக்கின்றது. பிரித்தானியாவில் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தை விளக்கி, அந்நாட்டுச் சமத்துவ, மனித உரிமைகள் ஆணைக்குழு 2024 பெப்ரவரியில் வழிகாட்டலொன்றை வெளியிட்டது. இவ்வறிகுறிகள் நெடுங்காலம் நீடித்து அன்றாட வாழ்வைப் பெரிதும் தடுக்குமாயின் அதனை இயலாமையாகக் கொள்ளலாம் என்றும், அவ்வாறாயின் தக்க வசதி செய்தல் தொழில்வழங்குநரின் கடமை என்றும் அது கூறிற்று. ‘இயலாமை’ என்னும் சொல் எமக்கு உவப்பன்று. கடமை என்றது உவப்பே.

நம் அதிபர்கள் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. கீழ்மாடியில் மின்விசிறியுள்ள வகுப்பறை, அணித்தே தூய கழிவறை, இடையீடின்றித் தொடராத பாடவேளைகள், காரணம் சொல்லாது ஐந்து நிமிடம் வெளியே செல்ல இசைவு ஆகிய இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா. ஆண் அதிபரிடம் வாய்திறக்க நாணுவோர்க்கு மூத்த ஆசிரியை ஒருவர் இடைநிற்கலாம். அடுத்த தவணைக்கு நேரசூசி வகுக்குமுன் இதனை அவர்கள் ஒருமுறை கேட்டறிவாராக.