மகனின் திருமணத்தை நடத்திவைத்த போதகர்

பென்சில்வேனியாவில் ஒரு மெதடிஸ்ட் சபையின் போதகர் பிராங்க் ஷேஃபர். 2000-இல் யாரோ ஒருவர் பெயர் சொல்லாமல் அவர் வீட்டுக்குப் போன் செய்தார். உங்கள் மகன் தன்பாலீர்ப்பு உள்ளவன், தற்கொலை செய்துகொள்ள யோசிக்கிறான் என்று சொன்னார். அந்த மகன் டிம்முக்கு அப்போது 17 வயது. தன்னை மாற்றிவிடும்படி அழுது அழுது ஜெபித்திருக்கிறான். தன்பாலுறவு கிறிஸ்தவப் போதனைக்கு ஒவ்வாதது என்று 1972-லேயே எழுதிவைத்த திருச்சபையில் வளர்ந்தவன் அவன். பெற்றோர் அவனை அவனாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

2007-இல் மாசசூசெட்ஸில் டிம் தன் துணைவரை மணந்தபோது, திருமணத்தை நடத்திவைத்தது அப்பாதான். ஆறு வருடம் ஆகப்போகும் நேரத்தில் சபையார் ஒருவர் புகார் கொடுத்தார். 2013 நவம்பரில் 13 சக போதகர்கள் உட்கார்ந்து விசாரித்தார்கள். இனிமேல் திருச்சபைச் சட்டப்படி நடப்பேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் 30 நாள் இடைநீக்கத்தோடு முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. டிசம்பரில் குருப்பட்டம் போயிற்று. அடுத்த ஜூனில் மேல்முறையீட்டில் திரும்பி வந்தது.

வேத வசனங்களுக்கு விளக்கம் சொல்லி நடக்கும் வாதங்களை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் பல விசுவாசிகளின் மனம் மாறியது வீட்டில், சொந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தபோதுதான். எனக்கு ஆற்றாமை அங்கேதான். நம் பிள்ளைக்காக உருகுகிற மனசு, அடுத்த வீட்டுப் பிள்ளை என்றதும் ஏன் சட்டப் புத்தகத்தை எடுக்கிறது?

பெத் ஸ்ட்ரவுட் அதே திருச்சபையில், பிலடெல்பியாவில் போதகராக இருந்தவர். பெண் துணையோடு வாழ்வதை 2003-இல் தன் சபையாரிடம் வெளிப்படையாகச் சொன்னார். சபையார் அவரைக் கைவிடவில்லை. பட்டம் பறிபோன பிறகும் தங்களோடு வைத்து ஊழியம் செய்யவிட்டார்கள். பறித்தது திருச்சபையின் மேலிடம்.

2024 மே மாதம் சார்லட் நகரில் கூடிய அந்தத் திருச்சபையின் பொது மாநாடு, தன்பாலீர்ப்பாளர்களுக்குக் குருப்பட்டம் தரக்கூடாது என்ற தடையை நீக்கியது. ஆதரவு 692, எதிர்ப்பு 51. எதிர்த்திருக்கக்கூடிய அமெரிக்கச் சபைகளில் பல ஏற்கெனவே வெளியேறிவிட்டன. நாலில் ஒரு பங்கு சபைகள் போய்விட்டன. மாநாடு முடிந்ததும் ஐவரி கோஸ்ட் திருச்சபையும் பிரிய முடிவெடுத்தது. இந்தப் பிரிவு வலிக்கத்தான் செய்கிறது. அதற்குப் பயந்து தடையை வைத்திருந்தால், அந்த வலியையும் டிம் மாதிரிப் பிள்ளைகள்தான் சுமந்திருப்பார்கள்.

அதே மாதம் ஸ்ட்ரவுடுக்கும் பட்டம் திரும்பக் கிடைத்தது. ஆனால் அவர் முழுநேரப் போதகராகத் திரும்பவில்லை. இறையியல் கல்லூரியில் பேராசிரியர் வேலைக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார்.