எழுத்துப் பிழையும் கூடவே வரும்

மாணவர்களே, அந்தக் காலத் தோட்டத்துப் பிறப்புப் பத்திரங்களில் 'லெட்சுமி'யை எத்தனை விதமாக எழுதினார்கள் என்று பாட்டியைக் கேளுங்கள்! சுங்கை சிப்புட் தோட்டங்களிலிருந்து ஈப்போவுக்கு வந்தவர்கள் அந்தத் தாள்களைப் பையில் சுமந்து வந்தார்கள். இன்று தரவே பயணிக்கிறது.

2018இல் கல்வி அமைச்சு அறிவித்த 'இ-ஸ்க்ரோல்' முறையில், பட்டச் சான்றிதழின் 'ஹேஷ்' எனும் கைரேகை போன்ற குறியீடு பிளாக்செயினில் பதிவாகிறது. சான்றிதழில் ஓர் எழுத்தை மாற்றினாலும் குறியீடு முற்றிலும் மாறிவிடும், போலி அகப்படும். நல்லதுதான். ஆனால், பிறகு யாரும் கைவைக்கவில்லை என்றுதான் அது சொல்லும். முதலில் பதிந்தது சரியா என்பது அதற்குத் தெரியாது. தவறான பெயரையும் அதே உறுதியோடு காக்கும். எனவே, தன் பதிவை மாணவரே பார்த்துத் திருத்தக் கேட்கும் வழி முதலில் வேண்டும் என்பேன். அதுவரை, எஸ்.பி.எம். பதிவுத் தாளில் உள்ள பெயரை மைகார்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள், 'ஏ/எல்', 'ஏ/பி' உட்பட.