நோகாத கட்டியும் பழைய ஷெல் துண்டும்

ஓட்டமாவடிப் பாலத்தடியில் மீன் விற்பவர் தொடை வீக்கத்தைக் காட்டி, "பழைய ஷெல் துண்டு தம்பி, நோவில்ல" என்றார். எனக்கு அந்த நோவின்மைதான் பயம்.

மென்திசுப் புற்றுநோயான சார்கோமா அரிது; தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது, கொழுப்புக்கட்டி போலவே இருக்கும். 5 சென்ரிமீற்றரைத் தாண்டிய, வளர்கின்ற, ஆழத்திலுள்ள, வெட்டியபின் மீண்டும் வந்த கட்டியென்றால், முதலில் ஸ்கானும் ஊசிவழி இழையப் பரிசோதனையும் வேண்டும். ஆராயாமல் வெட்டினால் புற்றுக்கலங்கள் எஞ்சிவிடலாம். அடுத்த சத்திரசிகிச்சை பெரிதாகும். நேரத்தோடு கண்டால் பெரும்பாலும் காலை இழக்காமலே சிகிச்சை பெறலாம்.

உடலில் உலோகத் துண்டுள்ளவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் அதைச் சொல்லவேண்டும். காந்தம் அதை அசைக்கலாம். வைத்தியர்களும் கேட்கவேண்டும்.

கிழக்கில் போர் 2007இல் ஓய்ந்தது. ஒவ்வொரு வீக்கத்துக்கும் இன்னும் போரையே காரணம் சொன்னால், நோய்க்கு நாமே அவகாசம் கொடுக்கிறோம்.