சனிக்கிழமை சம்பளமும் 120-ஆவது நாள் பேமென்ட்டும்

சனிக்கிழமை சாயங்காலம் திருப்பூர்ல ஒரு பவர்டேபிள் யூனிட் வாசல்ல போய் நின்னு பாருங்க. உள்ளே இருபத்தைந்து பேர் வாரச் சம்பளத்துக்குக் காத்திருப்பார்கள். ஓனர் வெளியே நின்று போனில் கைமாத்து கேட்டுக்கொண்டிருப்பார். அவர் தைத்துக் கொடுத்த பீஸ் கப்பலேறி மூன்று மாதம் ஆகியிருக்கும். கூலிப் பணம் மட்டும் வந்திருக்காது.

இவரும் அரசுக் கணக்கில் "முதலாளி"தான்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி! பாக்கியைத் தீர்த்துவைக்கவே சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் மன்றங்கள் இருக்கின்றன. 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி.

எல்லாம் சரி. ஆனால் புகார் கொடுக்க வேண்டியது யார்? அதே ஓனர். கொடுத்த மறுநாள் அடுத்த ஆர்டர் பக்கத்துத் தெரு யூனிட்டுக்குப் போய்விடும். இது தெரிந்துதான் பெரிய கம்பெனி 120 நாள் இழுக்கிறது.

இதே ஓனர் தொழிலாளர் பி.எஃப். பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டத் தவறினால் என்ன ஆகும்? யாரும் புகார் கொடுக்கத் தேவையில்லை. ஆண்டுக்கு 12 சதவீத வட்டி தானாக ஏறும், அபராதம் தனி. தொழிலாளியிடம் பிடித்த பங்கைத் தாமதமாகக் கட்டினால் வருமான வரியில் அதைச் செலவாகக் கழிக்க முடியாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். "முதலாளிக்கு வக்காலத்தா?" என்று கமென்ட்டில் கேட்கப்போகும் தோழர்களுக்கும் சேர்த்துத்தான். பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொழிலாளியின் பணம். அதில் ஒரு பைசா தள்ளுபடி கேட்கவில்லை, கேட்கவும் மாட்டோம். சின்ன ஓனரிடம் காட்டுகிற கண்டிப்பைப் பெரிய கம்பெனியிடமும் காட்டு என்றுதான் கேட்கிறோம். அங்கே பாக்கி நின்றால் கடைசியில் அடி விழுவது தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் அக்காவின் சம்பளத்தில்தானே?

2024-ல் வருமான வரியில் 43பி(எச்) பிரிவு நடைமுறைக்கு வந்தது. 45 நாளில் பணம் தராத கம்பெனி, அந்தத் தொகையை அந்த ஆண்டுச் செலவில் காட்ட முடியாது. எப்போது தருகிறதோ அந்த ஆண்டில் காட்டிக்கொள்ளலாம். நல்ல விதிதான். உடனே என்ன நடந்தது? "உத்யம் பதிவை ரத்து பண்ணிட்டு வா, இல்லேன்னா ஆர்டர் இல்லை" என்ற பேச்சு கிளம்பியது.

சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்திருக்கும் கம்பெனிகள், அந்த விவரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எம்.எஸ்.எம்.இ.-1 படிவத்தில் ஒன்றிய அரசிடம் தாங்களே தாக்கல் செய்ய வேண்டும். யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து பாக்கி என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அப்புறம் எதற்கு ஏழை ஓனரின் புகார்? அந்தப் படிவத்தை வைத்தே அரசு தானாக நோட்டீஸ் அனுப்பட்டும், வட்டியோடு வசூலித்துக் கொடுக்கட்டும். படிவம் தாக்கல் செய்யாத கம்பெனியைத் தேடிப் பிடிக்கட்டும். நம் கோரிக்கை இதுதான்.

அதுவரை ஓனர்கள் செய்ய வேண்டியது: உத்யம் பதிவைச் சரக்கு அனுப்பும் முன்பே முடித்துவிடுங்கள். பிறகு பதிந்தால் வழக்கு இழுபறிதான். பில்லில் பதிவு எண்ணைப் போடுங்கள். டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள், வாட்ஸ்அப் "ஓகே"வை நம்பாதீர்கள்.

45 நாள் தாண்டிய பில் கையில் இருக்கிறதா? நகலோடு உங்கள் மாவட்ட வணிகர் அணிப் பொறுப்பாளரைப் பாருங்கள். உங்கள் பெயர் வெளியே வராது.