ஈரானுக்குப் போன கொழுந்து

2021 டிசம்பரில் ஒரு நாள் இரவுச் செய்தியில் அந்த ஒப்பந்தத்தைச் சொன்னார்கள். ஈரானிடம் முன்னர் வாங்கிய எண்ணெய்க்கு இலங்கை கொடுக்க வேண்டிய 251 மில்லியன் டொலரைத் தேயிலையாகக் கொடுத்துத் தீர்ப்பதாம். மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலை. கையிருப்பு டொலரைத் தொடாமலே கடன் அடைந்துவிடும் என்பதால் கெட்டிக்கார ஏற்பாடு என்று பேசிக்கொண்டார்கள். அம்மா ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தார். முப்பத்தொரு வருஷம் கொழுந்து பறித்தவர்.

"யாரு வாங்குன கடன்டி அது?" என்று கேட்டார்.

அன்றைக்கு நான் பேச்சை மாற்றிவிட்டேன். பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்த மகளுக்குப் பதில் தெரியாமல் இல்லை. எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

2019 டிசம்பரில் தொடங்கலாம். புதிதாக வந்த கோட்டாபய அரசாங்கம் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தது. சம்பளத்தில் மாதாமாதம் கழிக்கும் வருமான வரியையும் நீக்கியது. லயத்தில் இருப்பவர்களுக்கு அந்த வருமான வரி எப்போதாவது இருந்ததா? அது வேறு ஆட்களுக்கான பரிசு. திறைசேரி காலியானது, கொரோனா வந்தது, சுற்றுலா நின்றது, டொலர் கரைந்தது. உடனே இறக்குமதிகளை நிறுத்தினார்கள். ஆடம்பரக் கார்கள் மட்டும் நிற்கவில்லை, மஞ்சளும் உளுந்தும் நின்றன. மஞ்சள் கிலோ ஆயிரக்கணக்கில் விற்றது; இராமேஸ்வரம் கரையிலிருந்து படகில் கடத்தினார்கள். எங்கள் தோட்டத்தில் அந்த வருஷம் வயதுக்கு வந்த பிள்ளைக்கு உளுந்தங்களி கிண்ட, நாலு வீட்டில் கைமாற்று வாங்கினார்கள். வர்த்தகக் கொள்கை என்பது அமைச்சரவைப் பத்திரத்தில் எழுதப்படுவது என்று நினைப்பவர்கள் எங்கள் அடுப்படிக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. நெல் விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள், அதை நாடே பார்த்தது. தேயிலை மலையில் நடந்ததைப் பார்க்க யாரும் வரவில்லை. தோட்டத்தில் ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று ஒரு கணக்கு உண்டு. அதை எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைச் சம்பளம். உரமில்லாத செடி துளிர்க்கவில்லை. கிலோக் கணக்கு மட்டும் குறையவில்லை. அண்ணி காலையில் ஏறிய மலையிலிருந்து மடுவத்துக்கு இறங்கும்போது கூடை பாதிதான் இருக்கும்; தராசைப் பார்க்காமலே, "இன்னைக்கும் அரைப் பேருதான்" என்பார். நவம்பரில் அரசாங்கம் பின்வாங்கியது. செடிக்கு அது தெரியாது. 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோவாக விழுந்தது. அந்த ஐந்து கோடி கிலோவைப் பற்றிய அறிக்கைகளில் ஏற்றுமதி வருமான இழப்பு இருக்கிறது. அரைப் பேர்கள் இல்லை.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாவானது. அப்போது டொலர் 200 ரூபா. ஐந்து டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டார்கள், மே மாதம் டொலர் 360. அதே ஆயிரம் மூன்று டொலருக்கும் கீழே போய்விட்டது. பறிக்கும் கொழுந்து மட்டும் டொலரில்தான் விற்றது. 1350 ரூபா என்று வர்த்தமானி வந்தது 2024 செப்டெம்பரில்.

இது வர்க்கப் பிரச்சினை, இதில் பெண்ணை எதற்கு இழுக்கிறாய் என்று தோழர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். தொழிற்சங்க மேடைகளில் வளர்ந்தவர்கள், நல்லவர்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். மலையில் ஆண்களின் வேலை பெரும்பாலும் மத்தியானத்தோடு முடிந்து முழுப் பேர் விழுகிறது. கொழுந்தெடுப்பவள் மாலை வரை நின்று, தராசில் தோற்று அரைப் பேரோடு வருகிறாள். வந்து விறகு வெட்டுகிறாள். சம்பளப் பேச்சுவார்த்தைப் படங்களில் அவள் எங்கே நிற்கிறாள்?

மலையோடு முடிவதுமில்லை. மூதூரிலிருந்து சவூதிக்கு வீட்டுவேலைக்குப் போன ரிஸானா நபீக்கை நினைவிருக்கும். கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி எழுதி அனுப்பப்பட்ட சிறுமி. 2013 ஜனவரியில் அங்கே தலை வெட்டப்பட்டாள். அதன்பிறகு சவூதிக்குப் பணிப்பெண்ணாகப் போகும் வயதை 25 ஆக உயர்த்தினார்கள். தாய்மார் வெளிநாடு போவதால் குடும்பம் கெடுகிறது, பிள்ளைகள் சீரழிகிறார்கள் என்று எத்தனை உபதேசம்! வெளிநாட்டிலிருந்து வந்த பணம் 2020இல் 7.1 பில்லியன் டொலர். ரூபாவைச் செயற்கையாகப் பிடித்துவைத்ததில் அனுப்புகிறவர்கள் உண்டியலுக்கு மாறினார்கள். 2022இல் அது 3.8 பில்லியன் ஆனது. அந்த ஜூனில் அமைச்சரவை பணிப்பெண்களின் வயதை 21க்கு இறக்கியது. குடும்பம் பற்றிய கவலையை அன்றைக்கு யாரும் எழுப்பியதாக நான் கேள்விப்படவில்லை. நான் பெண்கள் போகக்கூடாது என்று சொல்லவரவில்லை. போவதும் வருவதும் அவள் தீர்மானம். டொலர் இருக்கும்போது அவளைக் காவல் காக்கவும், தீர்ந்ததும் ஏற்றுமதி செய்யவும் இவர்கள் யார் என்பதுதான் என் கோபம்.

2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று கைவிரித்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் மூன்று பில்லியன் டொலர் திட்டம் வந்தது. அந்த ஜூலையில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு. வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளைத் தொடவில்லை, வங்கி சரிந்தால் நாடு சரியும் என்றார்கள். கை வைத்தது ஊழியர் சேமலாப நிதியில். அதன் பழைய முறிகளை வாங்கிக்கொண்டு, ஆரம்பத்தில் 12 வீதமும் பிறகு 9 வீதமும் வட்டி தரும் நீண்டகால முறிகளைக் கொடுத்தார்கள். சம்மதிக்காவிட்டால் நிதியின் வருமானத்துக்கு 14க்குப் பதிலாக 30 வீத வரி. இதற்குப் பெயர் விருப்பத் தெரிவு! 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது, சமையல் காஸுக்கும் சேர்த்து. 2019இல் மேலே கொடுத்ததைக் கீழே வசூலித்தார்கள், அவ்வளவுதான்.

செய்தவர்கள் யார் என்பது இரகசியமுமல்ல. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றமே சொன்னது: கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்ஷ சகோதரர்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் உள்ளிட்டோர் பொருளாதாரச் சீரழிவுக்குப் பொறுப்பு, மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக ஒன்றரை இலட்சம் ரூபா கொடுக்கச் சொன்னது. சிறையில்லை, பறிமுதலில்லை.

இப்போது மீண்டெழுந்துவிட்டோம் என்கிறார்கள். போன மாதம் அண்ணி சேமலாப நிதிக் கணக்குத் தாளைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். பத்தொன்பது வருஷச் சேமிப்பு. ஓய்வுபெறும்போது எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். பழைய வட்டியில் ஒரு தடவை, புதிய வட்டியில் ஒரு தடவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தாளின் ஓரத்தில் எழுதினேன்.

அம்மா எட்டிப் பார்த்தார். "இதுவும் ஈரானுக்கா?" என்றார்.