மெலித்தாவின் நீலக் கடலில்



அப்போஸ்தலர் நடபடிகளை வாசித்தோர் மெலித்தா தீவை மறந்திருக்கமாட்டார்கள். பவுல் உட்பட 276 பேரைச் சுமந்து வந்த கப்பல் அதன் கரையிலேதான் உடைந்தது. இன்று மால்டா எனப்படும் அத்தீவுக்குக் கோடை விடுமுறையில் திரளானோர் நீர் விளையாட்டுக்களை நாடி வருகின்றனர்.

மால்டா, கோசோ, கொமினோ முதலிய தீவுகள் அனைத்தும் சேர்ந்து 316 சதுர கிலோமீட்டரே. வற்றாத ஆறுகள் அங்கு இல்லை. வண்டல் கலவாத கடல்நீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கிறது. கொமினோவின் ‘புளூ லகூன்’ பகுதியில் முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்து முகத்தை நீரில் தாழ்த்தினாலே அடிமணல் தெரியும். கோசோவின் கரையில் நின்ற ‘அசூர் விண்டோ’ என்னும் பாறை வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து வீழ்ந்தது. அதன் சிதறல்களினூடே இப்போது முக்குளிப்போர் நீந்துகின்றனர்.

ஆயினும், அழகிய கடல் ஆபத்தற்ற கடலன்று. மத்தியதரைக் கடலில் ஓத ஏற்றத்தாழ்வு மிகக் குறைவு. அங்கே முதலாவது கவனிக்க வேண்டியது காற்றையே. கரையிலிருந்து கடல்நோக்கிக் காற்று வீசுகையில் கரையோர நீர் அமைதியாகவே தோன்றும். அதை நம்பிக் காற்றடைத்த மிதவையில் பிள்ளைகளை ஏற்றினால், சில நிமிடங்களில் அது கைக்கெட்டாத தூரம் சென்றுவிடும். அதைத் துரத்தி நீந்துவது இன்னும் பெரிய ஆபத்து. உடனே மீட்புக் காவலரை அழையுங்கள். கயாக் படகில் செல்வோர் முதலில் காற்றை எதிர்த்துத் துடுப்பிட வேண்டும். களைத்தபின் காற்றே கரைசேர உதவும்.

ஆழ்நீரில் முக்குளிப்போர் வேறொன்றை அறிய வேண்டும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகிறது. மூச்சை அடக்கியபடி மேலெழுந்தால், உள்ளே அடைபட்ட காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். பலமுறை முக்குளித்தவர் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும். ஆகையால் பயணத்தின் கடைசி நாளைக் கரையிலே கழியுங்கள்.

நகரங்களில் வளரும் நம் பிள்ளைகளில் அநேகருக்கு நீச்சல் தெரியாது. பெற்றோரில் பலருக்கும் தெரியாது. இருந்தும் பிறர் நகைப்பார்களென்று லைஃப் ஜாக்கெட்டை மறுக்கிறவர்கள் உண்டு. பவுலின் கப்பல் உடைந்தபோது நீந்தத் தெரிந்தோர் முதலில் குதித்தனர். மற்றவர்கள் பலகைகளைப் பற்றிக்கொண்டு வந்தனர். ஒருவரும் சேதப்படவில்லை. பலகையைப் பற்றியவர்களை அங்கே எவரும் இகழவில்லை.

பயணச்சீட்டு வாங்குமுன் பிள்ளைகளை நீச்சல் பயிற்சிக்கு அனுப்புங்கள். நீங்களும் உடன் செல்லுங்கள்.