சாவு வரும் கதை வகுப்பில் வேண்டுமா?

"பிள்ளைகளுக்கு எதற்கு டீச்சர், சாவு வரும் கதை?" என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாயார் கேட்டார். நியாயமான கேள்விதான். அவர் குறிப்பிட்டது இரா. நடராசனின் ‘ஆயிஷா’வை. காந்தத்தை வெட்டிக்கொண்டே போனால் என்னவாகும் என்று கேட்கும் பள்ளிச் சிறுமி. கேள்விகளுக்குப் பரிசாகப் பிரம்படி. அவளைப் புரிந்துகொள்ளும் ஓர் ஆசிரியை. அந்த ஆசிரியை தம் அறிவியல் நூலுக்கு எழுதும் முன்னுரையாகவே கதை அமைந்துள்ளது. சிறுமி பிழைப்பதில்லை.

அமெரிக்காவின் காதரீன் பேட்டர்சன் 1977-இல் வெளியிட்ட ‘பிரிட்ஜ் டு டெரபித்தியா’வும் இத்தகையதே. கற்பனை நாடொன்றை அமைத்து ஆளும் இரு நண்பர்களில் ஒருத்தி இறந்துபோகிறாள். தம் மகனின் தோழி மின்னல் தாக்கி இறந்த துயரமே அவரை எழுதவைத்தது.

நம் கரைப் பிள்ளைகளுக்கு இழப்பு புதிதா என்ன? 2017 ஒக்கிப் புயலில் போனவர்களுக்காகக் கடலைப் பார்த்து நின்றவர்களில் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு அதைப் பேசச் சொற்கள்தாம் இல்லை.

இங்கே 1961-உடன் நின்றுபோன முத்துக்குளிப்பில், மூழ்குபவரின் கயிற்றைத் தோணியில் ஒருவர் பிடித்தபடியே இருப்பார். கதையைக் கையில் கொடுத்துவிட்டு நாம் நோட்டுத் திருத்தப் போய்விடலாகாது. ஆயிஷா தன் உடலிலேயே சோதனை செய்யும் இடத்தில் நின்று, நிதானமாகப் பேசத்தான் வேண்டும். எட்டாம் வகுப்புக்குக் கீழே நான் அதைக் கொடுப்பதுமில்லை. ‘பண்புநலன்களை விவரி, ஐந்து மதிப்பெண்’ என்ற கொடுமையும் வேண்டாம்.

சென்ற ஆண்டு படித்து முடித்தபோது வகுப்பே பேசவில்லை. மணி அடித்தபின் ஒருத்தி மட்டும் வந்தாள். "அந்த டீச்சர் முன்னாலேயே அவளிடம் கேட்டிருக்கலாமே, மிஸ்?" என்றாள்.